பாட்டிக்கு மாட்டிய கால்சட்டை

அத்தியாயம் 9

பதினாலு வருஷம் பிண வண்டி ஓட்டியவன் நான். நாற்றம் எனக்குப் புதிதல்ல. ஆனாலும் ஆஷ்மீட் மாவட்ட நீதிமன்றத்தின் பதிவேட்டு அறைக்குள் கால் வைத்தாலே எனக்குக் குமட்டும். பழைய தோல் அட்டை, எலிப் புழுக்கை, இரண்டுக்கும் மேலே பதிவேட்டு எழுத்தர் கார்லீன் அம்மாள் பூசிக்கொள்ளும் லாவெண்டர் சென்ட். செத்தவர்கள் இதைவிடக் கௌரவமாக நாறுவார்கள்.

மணி பத்தரை. இரண்டு மணிக்கு மாடியில் மாவட்டச் சபை முன்னால் விசாரணை.

என் முதலாளி மிஸ் ரோவீனா ஸ்பைவி, நார்ஃபோக் தபால் நிலையத்தில் இருபத்தாறு வருஷம் முகவரி புரியாத கடிதங்களைப் படித்து ஆளைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர். ஓய்வு பெற்றபின் செத்தவர்களின் முகவரியைக் கண்டுபிடித்துத் தருகிறார். எங்கள் கறுப்பு ஜனத்துக்குப் பூட்டன் பேரைத் தெரிந்துகொள்ளவே வர்ஜீனியாவில் ஒரு துப்பறிவாளர் வேண்டியிருக்கிறது. அது கேவலம், ஆனால் எனக்குச் சம்பளம் அதில்தான் வருகிறது. நான் டெல்மஸ் ப்ரூயிட். அவருக்குக் காரோட்டி, பெட்டி தூக்கி, தேவைப்பட்டால் வாய்.

எங்கள் கட்சிக்காரர் மாவிஸ் வின்பர்ன் வெளியே நடைக்கூடத்து பெஞ்சில் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். நண்டு உடைக்கும் தொழிற்சாலையில் முப்பது வருஷ வேலை; விரல் முழுக்கக் கீறல். ஆற்றோரத்தில் ஒரு ஏக்கர் மயானம், அதில் நாற்பத்து மூன்று கல்லறைகள். கடைசிக் கல்லறை அவர் மகன் லூசியனுடையது. பத்தொன்பது வயதில் வியட்நாமுக்குப் போய், 1968ல் பெட்டியில் திரும்பி வந்தவன்.

அந்த ஆற்றோரத்தில் இப்போது படகுத்துறையும் இறால் ஓட்டலும் வரப்போகின்றன. லூசியன் படுத்திருக்கும் இடத்தில்தான் கார் நிறுத்த வேண்டுமாம். ஜூலை ஒன்பதாம் தேதி எலும்புகளைத் தோண்டி, அநாதைகள் புதைகாட்டில் ஒரே குழியில் கொட்டப் போகிறார்கள். சம்மதக் கையெழுத்துப் போட்டவர் தர்ஸ்டன் வின்பர்ன். வெள்ளைக்காரர், மாவட்டச் சபைத் தலைவர், ஓட்டலில் பங்காளி.

1771ல் கேப்ரியேல் வின்பர்ன் என்பவர் எழுதிய உயில் தெளிவாக இருந்தது: 'இந்த ஒரு ஏக்கர் என் ரத்தத்துக்கு, என்றென்றைக்கும்.' அந்த ரத்தம் நான்தான் என்கிறார் தர்ஸ்டன். மாவிஸின் முன்னோர்கள் அவர் குடும்பத்து அடிமைகளாம். பேரையும் குழியையும் தயவு பண்ணிக் கொடுத்தார்களாம். மாவிஸின் பூட்டனுக்குப் பூட்டன் பர்வெல், 'கேப்ரியேல் மகன்' என்று சர்ச் ஏட்டில் இருப்பதைக் காட்டினால், "அது வேற கேப்ரியேல்" என்று சிரிக்கிறார். அவரே எழுதி, அவரே அச்சடித்த குடும்ப வரலாறு நானூறு பக்கம். அட்டையில் தங்க எழுத்து.

அந்தப் புத்தகத்தின் அறுபத்தோராம் பக்கத்தில் 1757ஆம் வருஷத்துத் தலைவரிப் பட்டியலிலிருந்து ஒரு வரி எடுத்துப் போட்டிருந்தார்: 'கேப்ரியேல் வின்பர்ன், தாமஸ், ஹெசகையா - மூன்று தலை.' அசல் பட்டியலைப் பார்க்காமல் நகர மாட்டேன் என்று மிஸ் ரோவீனா வந்திருந்தார்.

"அந்தப் பட்டியல் புஸ்தகம் இங்க இல்ல ரோவீனா," என்றாள் கார்லீன், நகத்துக்குச் சாயம் தடவிக்கொண்டே. "பைண்டிங்குக்கு ரிச்மண்டு போயிருக்கு. ஆகஸ்ட் கடைசில வந்து பாரு."

"தோண்டி முடிச்சப்புறமா?"

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

"சரி, 1756 கோர்ட் உத்தரவுப் புஸ்தகம் குடுங்க."

"அதோ மூணாவது தட்டு. நீயே எடுத்துக்கோ."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன செவ்வாய்க்கிழமை நான் அதே தட்டைத் தொட்டதற்கு, ஓடி வந்து ஸ்கேலால் விரலில் அடித்தவள் இவள். மிஸ் ரோவீனா என்னை ஜன்னல் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"டெல்மஸ், போன வாரம் அந்தம்மா மேஜைக்கு மேல எது வரைக்கும் தெரிஞ்சாங்க?"

"மூக்கு வரைக்கும்."

"இப்ப?"

திரும்பிப் பார்த்தேன். மூக்கு, தாடை, கழுத்து, அதற்கும் கீழே தெற்குப் படைக் கொடி பொறித்த ஊசிப் பதக்கம். "ஒரே வாரத்துல அரை அடி வளர்ந்திருக்காங்க. அறுபது வயசுக்கு இது நல்ல வளர்த்தி."

"எழுந்திருக்க வை."

"தீ புடிச்சிருச்சுன்னு கத்தட்டா?"

"இத்தனை காகிதத்துக்கு நடுவுல அந்த விளையாட்டு வேண்டாம்."

மறுபடியும் அந்தப் பதக்கத்தைப் பார்த்தேன். வழி தெரிந்தது. வழி தெரிந்ததும் எனக்கே என் மேல் அருவருப்பாக இருந்தது.

எங்கள் ஜனத்தை அடிமையாகவே வைத்திருக்க நடந்த சண்டையில் தெற்குப் படை பாடிக்கொண்டு போன பாட்டு ஒன்று உண்டு. இந்த ஊரில் அது எங்கே கேட்டாலும் ஒரு கூட்டம் நெஞ்சில் கை வைத்து எழுந்து நிற்கும். கல்யாணமா, கருமாதியா என்று பார்க்காது. நான் அலமாரிக்குப் பின்னால் போய், உதட்டைக் குவித்து, அதைச் சீட்டியடித்தேன். மெதுவாக, சர்ச்சில் ஆர்கன் வாசிப்பது போல.

இரண்டாவது அடி முடிவதற்குள் நாற்காலி கிறீச்சிட்டது. கார்லீன் எழுந்து நின்றிருந்தாள். கை நெஞ்சில், கண்ணில் ஈரம். நான் அலமாரிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன், சீட்டியை நிறுத்தாமல். அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தபோது, அதற்குமேலும் வெளுக்க முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.

அதற்குள் மிஸ் ரோவீனா நாற்காலியிலிருந்து அந்தத் தடித்த புத்தகத்தை எடுத்துவிட்டார்.

"ரிச்மண்டு ரொம்பக் கிட்ட வந்துடுச்சு போலிருக்கே," என்றார்.

புத்தகத்தை வாங்கி மேஜையில் வைத்தேன். தோல் அட்டை இன்னும் சூடாக இருந்தது. கூடத்துக்கு ஓடிப்போய் ஒரு கோக் வாங்கி, பாதியை வாய் கொப்பளித்துத் துப்பினேன். மீதியில் வழக்கம்போல வேர்க்கடலையைப் போட்டுக் குடித்தேன். வாய் சுத்தமான மாதிரி இல்லை.

திரும்பி வந்தபோது மிஸ் ரோவீனா ஒரு தாளை மட்டும் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்திருந்தார்.

"பார்."

கேப்ரியேல் வின்பர்ன் என்ற பேருக்குப் பக்கத்தில் காகிதம் மெலிந்து வெளிச்சம் ஊடுருவியது. யாரோ கத்தியால் ஒரு சொல்லைச் சுரண்டியிருந்தார்கள்.

"யாரு சுரண்டினதுன்னு தெரியுமா?"

"தெரியாது. நூறு வருஷம் முன்னாடியும் இருக்கலாம், போன மாசமும் இருக்கலாம். அது நமக்கு வேண்டாம். மீதி பேரைப் படி."

எனக்குப் பழைய கோழிக்கிறுக்கல் வராது. அவர் விரல் வைத்துக் காட்டினார். "டாம்சின். கெசையா."

"புஸ்தகத்துல தாமஸ், ஹெசகையான்னு இருந்துச்சே?"

"டாம்சின் யாரு?"

"கேப்ரியேல் பொண்டாட்டி. கெசையா மக. தர்ஸ்டன் புஸ்தகத்துலயே வேற பக்கத்துல இருக்கு." எனக்குப் புரிய ஆரம்பித்தது. "அட, ரெண்டு பொம்பளையையும் ஆம்பளை ஆக்கிட்டாரு! ஆனா எதுக்கு?"

"தலைவரின்னா என்ன? பதினாறு வயசுக்கு மேல வேலை செய்யற ஒவ்வொரு தலைக்கும் வரி. ஆம்பளைன்னா எல்லாத் தலைக்கும் உண்டு. பொம்பளைன்னா?"

"எல்லாத்துக்கும் கிடையாதா?"

"வெள்ளைக்காரிக்குக் கிடையாது. வெள்ளைக்காரன் பொண்டாட்டி எண்பது வயசு வரைக்கும் வாழ்ந்தாலும் அவ தலை கணக்குல வராது. அடிமைப் பொண்ணு, சுதந்திரமான கறுப்புப் பொண்ணு, கலப்புப் பொண்ணு, இல்ல அப்படிப்பட்டவனைக் கட்டிக்கிட்டவ, இவங்களுக்குத்தான் வரி. அந்தக் காலத்துச் சட்டம் அது."

"ஆக, பொண்டாட்டி பேரு பட்டியல்ல இருந்தாலே..."

"அது வெள்ளைக் குடும்பம் இல்ல. சொல்லைச் சுரண்டினவனுக்கு இது தெரியலை, பேரை விட்டுட்டான். தர்ஸ்டனுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சதாலதான் மாத்தியிருக்கார்."

பெரிய மனுஷன்! ஒவ்வொரு ஜூலை நாலாம் தேதியும், சுதந்திர தினத்தன்று, டாம்சின் அம்மாள் பேரில் நட்ட நினைவுக்கல்லுக்கு மலர்வளையம் வைத்துப் பேச்சுப் பேசுகிறவர். வீட்டுக்கு வந்ததும் அதே பாட்டிக்குக் கால்சட்டை மாட்டி, மீசையும் வரைந்து அச்சடித்துவிட்டார்.

"எழுத்து புரியலை, தப்பாப் படிச்சிட்டேன்னு சொல்லிட்டா?" என்று கேட்டேன்.

"சொல்வார். அதனாலதான் இந்த இன்னொரு புஸ்தகம். டாம்சின் 1756 பட்டியல்ல இல்ல, 1757ல இருக்கா. ஒரே வருஷத்துல எங்கிருந்து வந்தா? யாரோ புகார் பண்ணியிருக்கணும்."

உத்தரவுப் புத்தகத்துக்கு அட்டவணை கிடையாது. வரிவரியாகப் புரட்டினோம். பன்றி திருடியவன், சர்ச்சுக்குக் குடித்துவிட்டு வந்தவன், பக்கத்து வீட்டுக்காரியைச் சூனியக்காரி என்றவன் எல்லோரும் வந்தார்கள். மணி ஒன்றேகாலுக்கு மிஸ் ரோவீனாவின் விரல் நின்றது. அவர் தாழ்ந்த குரலில் படித்தார்.

'ஆற்றங்கரையில் நிலமுடைய கேப்ரியேல் வின்பர்ன் என்னும் முலாட்டோ, தன் மனைவியான முலாட்டோ டாம்சினைத் தலைவரிப் பட்டியலில் காட்டாமல் மறைத்ததற்காக, ஆயிரம் பவுண்டு புகையிலை அபராதம்.'

கலப்பு ரத்தத்துக்கு அந்தக் காலத்தில் வைத்த பேர் முலாட்டோ; பட்டியலில் சுரண்டிய சொல்லும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். கோவேறு கழுதையிலிருந்து வந்த சொல் என்பார்கள். மனுஷனுக்கு மனுஷன் இப்படியெல்லாம் பேர் வைத்து, அதை நல்ல மையில், நல்ல கையெழுத்தில் எழுதியும் வைத்திருக்கிறான்.

"ஜெயிச்சிட்டோம்!" என்றேன்.

"இல்ல," என்றார் மிஸ் ரோவீனா. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்பத்தான் தோத்திருக்கோம்."

நடைக்கூடத்தில் மாவிஸுக்கும் சேர்த்து விளக்கினார். ஆற்றங்கரை நிலத்துக்காரரே கலப்பு ரத்தம் என்றால், பர்வெலின் அப்பா வேறு கேப்ரியேல் என்று இனிச் சொல்ல முடியாது; இந்தக் காகிதத்தால் மாவிஸ் கேப்ரியேலின் ரத்தம் என்று நிரூபணமாகிறது. ஆனால் தர்ஸ்டனும் இன்னொரு மகன் வழியில் அதே ரத்தம்தான். அந்த வழி வெளுத்து வெளுத்து வெள்ளையாகிவிட்டது, அவ்வளவே. ரத்த சொந்தங்கள் இரண்டு பேர் ஒத்துப்போகாவிட்டால் சபை ஓட்டெடுத்து முடிவு செய்யும் என்று சபை வக்கீல் சொல்லியிருக்கிறார். ஒரே ஒருவர்தான் ரத்தம் என்றால் அவர் சொல்தான் முடிவு. சபையில் ஐந்து பேர். தர்ஸ்டனைத் தவிர மற்ற நாலு பேரும் அவர் வீட்டில் பன்றித்தொடை தின்று வளர்ந்தவர்கள்.

மாவிஸ் கையிலிருந்த விசிறி நின்றது. "அப்ப அந்த ஆளு எனக்குச் சொந்தக்காரன்னு கண்டுபுடிச்சுக் குடுத்திருக்கீங்க. இதுக்கா நான் வந்தேன்? என் புள்ளை மேல காரை நிறுத்தப் போறவன் எனக்கு அண்ணன் முறையா? சீ!"

"சிஸ்டர் மாவிஸ்," என்றேன், "சொந்தக்காரங்கதானே எப்பவும் நிலத்தை விக்கிறாங்க?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

"ஒரு வழி இருக்கு," என்றார் மிஸ் ரோவீனா. "அவரை எதிர்த்து நான் ஒரு வார்த்தை பேசப் போறதில்ல. அவர் பக்கம்தான் பேசப் போறேன்."

மாடி அறையில் மின்விசிறிகள் சும்மா சுற்றிக்கொண்டிருந்தன. முன்வரிசையில் ஊர்ப் பத்திரிகைக்காரன் பென்சிலோடு. இரண்டாவது வரிசையில் தர்ஸ்டனின் மனைவி, முத்துமாலையோடு. தர்ஸ்டன் வெள்ளைக் கோடு போட்ட சூட்டில், "இதுல எனக்குச் சம்பந்தம் இருக்கறதால தலைமை நாற்காலியில உட்கார மாட்டேன்," என்று நீதிமானாக அறிவித்துவிட்டுப் பக்கத்து நாற்காலிக்கு நகர்ந்தார்.

மிஸ் ரோவீனா எழுந்தார். "மிஸ்டர் வின்பர்ன், நீங்க கேப்ரியேலுடைய ரத்தம்னு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கீங்க."

"ஆறாவது தலைமுறை. அதுல எனக்குப் பெருமை."

"அவர் மனைவி பேரு?"

"டாம்சின். இங்கிலாந்துப் பொண்ணு. நல்ல குடும்பம்."

"மகள்?"

"கெசையா."

"தாமஸும் ஹெசகையாவும்?"

அவர் கைக்குட்டையை எடுத்தார். "பசங்க. சின்ன வயசுலயே போயிட்டாங்க."

"பதினாறு தாண்டி வரி கட்டினப்புறம் சின்ன வயசுலயே போயிட்டாங்க," என்று நான் பின்னாலிருந்து முணுமுணுத்தேன். பத்திரிகைக்காரன் சிரிப்பை அடக்கினான்.

மிஸ் ரோவீனா கார்லீனைக் கூப்பிட்டார். இரண்டு புத்தகங்களையும் அவளையே சுமந்துவர வைத்திருந்தார். இவை அசல்தானா என்று கேட்க, தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றாள். முதலில் பட்டியல். அப்புறம் தலைவரிச் சட்டம். அப்புறம் அபராத உத்தரவு, ஆற்றங்கரை நிலம் உட்பட ஒரு சொல் விடாமல். அந்தச் சொல் வந்தபோது யாரோ இருமினார்கள்.

"ஆகவே சபைக்கு என் வேண்டுகோள்," என்றார் மிஸ் ரோவீனா. "மிஸ்டர் வின்பர்னுடைய உரிமையை நாங்க மறுக்கலை. அவர் புஸ்தகமே சொல்லுது, அவர் கேப்ரியேல், டாம்சின் ரத்தம்தான். சிஸ்டர் மாவிஸும் அதே ரத்தம். ரெண்டு பேரும் சொந்தம்னு பதிவுல எழுதிட்டு ஓட்டெடுங்க. தோத்தா நாங்க ஒத்துக்கறோம்."

வக்கீல் தர்ஸ்டனைப் பார்த்தார். "எழுதிடலாமா சார்?"

ஜெயம் அவர் கைக்குள் இருந்தது. நாலு ஓட்டும் தயார். "ஆமாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒரு துளி கறுப்பு ரத்தம் இருந்தாலும் வெள்ளைக்காரியோடு செய்த கல்யாணமே செல்லாது என்று இருந்த சட்டம் செத்துப் பன்னிரண்டு வருஷமாகிறது. யாரும் அவரை ஒன்றும் செய்ய முடியாது. நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அந்த ஒரு நிமிஷம், நாங்கள் தோற்றாலும் பரவாயில்லை, ஆமாம் என் பாட்டிதான் என்று அந்த மனுஷன் சொல்லிவிட மாட்டானா என்று இருந்தது.

அவர் இரண்டாவது வரிசையைப் பார்த்தார். முத்துமாலையை விரல்கள் முறுக்கிக்கொண்டிருந்தன. பத்திரிகைக்காரனின் பென்சிலைப் பார்த்தார்.

"என் புஸ்தகத்துல ஒரு தப்பு நடந்திருக்கு," என்றார். "எங்க குடும்பத்து கேப்ரியேல் இவன் இல்ல. அது வேற கேப்ரியேல்."

"அப்ப இந்தம்மா டாம்சின்?" என்றார் வக்கீல்.

"அந்தப் பொம்பளைக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது."

"அப்படின்னா மயானத்துமேல உங்களுக்குப் பேச்சு இல்ல சார். சம்மதத்தை வாபஸ் வாங்கி ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க."

போட்டான். இனி எனக்கு அவன் 'அவர்' இல்லை. முப்பது வருஷம் மலர்வளையம் வைத்த பாட்டியை ஒரு நிமிஷத்தில், ஒரு பேனாவில் தலைமுழுகிவிட்டான். ஓட்டல் போனதே என்ற வருத்தம்கூட அவன் முகத்தில் இல்லை, தப்பித்த ஆசுவாசம்தான் இருந்தது.

லூசியனை இனி யாரும் தொட முடியாது. மிஸ் ரோவீனா மாவிஸின் கையைப் பிடித்து அதைச் சொன்னார். மாவிஸ் தலையாட்டினார்.

"நல்லது," என்றார். "ஆனா சந்தோஷம் வரமாட்டேங்குது மிஸ் ரோவீனா. அந்தப் பொண்ணை, புருஷன் வரிக்குப் பயந்து ஒளிச்சான். இவன் அவளைத் தெரியவே தெரியாதுங்கறான். கையைக் கழுவணும் போல இருக்கு."

படிக்கட்டில் நாங்கள் மூவரும் இறங்கிக்கொண்டிருந்தபோது பின்னால் அவசரமான காலடிகள். தர்ஸ்டன், பின்னால் அவன் மனைவி. பத்திரிகைக்காரன் துரத்தி வருவதற்குள் காருக்குப் போயாக வேண்டும். படி குறுகல், நடுவில் மாவிஸ்.

"கொஞ்சம் ஒதுங்கு, ஆன்ட்டி," என்றான்.

வயதான கறுப்புப் பெண் யாராக இருந்தாலும் இந்தப் பக்கத்து வெள்ளைக்காரர்களுக்கு ஆன்ட்டிதான். பேருக்கு முன்னால் மிஸஸ் போட்டால் நாக்கு வெந்துவிடும்.

மாவிஸ் ஒதுங்கவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிதானமாகத் திரும்பினார்.

"ஆன்ட்டியா? இப்பத்தானே மேல கையெழுத்துப் போட்டு சொந்தம் எல்லாத்தையும் தலைமுழுகிட்டு வந்தீங்க. நான் உங்களுக்கு ஆன்ட்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல. பேரு சொல்லிக் கூப்பிடுங்க. மரியாதையோட."

மேலே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பத்திரிகைக்காரனின் பூட்ஸ் சத்தம். தர்ஸ்டன் ஒருமுறை மேலே திரும்பிப் பார்த்தான்.

"மிஸஸ் வின்பர்ன்," என்றான்.

"என்ன?" என்றாள் பின்னால் நின்ற அவன் மனைவி.

அவன் கூப்பிட்டது அவளை அல்ல. மாவிஸ் சுவரோரம் நகர்ந்து வழி விட்டார்.